வாவி நீரும் ஒன்பதாம் தரமும்: செய்து கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் உள்ள பாடசாலைகளுக்கு ஆய்வுகூடம் வாசலிலேயே கிடக்கிறது. வாவி, கடல், வயல், குளம், மருதமுனைத் தறி என்று எதையும் தேடி அலையத் தேவையில்லை. அப்படியிருந்தும் பல பாடங்களை இணைத்துச் செய்யும் செயற்றிட்டங்களிற் பல, மட்டையில் படம் ஒட்டிக் கண்காட்சியில் தூக்குவதோடு முடிந்துவிடுகின்றன. பிள்ளைகள் நன்றாகத்தான் உழைக்கிறார்கள். கோளாறு திட்டத்தை வகுக்கும்போதே புகுந்துவிடுகிறது.

தலைப்பைக் கேள்வியாக நினைப்பது

'மட்டக்களப்பு வாவி' என்பது தலைப்பு. அதன் கீழ் விஞ்ஞான ஆசிரியர் மீன் வகைகளைக் கேட்பார், புவியியல் ஆசிரியர் வரைபடம் கேட்பார், தமிழாசிரியர் கவிதை கேட்பார். ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தேவைப்படாது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பாடத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். மீதி அப்படியே நின்றால் அந்தப் பாடம் வெறுமனே ஒட்டப்பட்டிருக்கிறது.

இதற்குப் பதிலாக ஒரு கேள்வியை வையுங்கள்: 'முகத்துவாரத்திலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே போனால் வாவி நீர் நெல்லுக்கு ஆகும்?' உப்பை அளக்காமல் இதற்கு விடை இல்லை. தூரத்துக்கும் உவர்த்தன்மைக்கும் வரைபு கீறாமல், அளந்ததை வாசிக்க முடியாது. வடகீழ்ப் பருவமழையும், முகத்துவாரத்தை அடைக்கும் மணல்திட்டு வெட்டப்படுவதும் தெரியாவிட்டால் வரைபின் வடிவம் விளங்காது. வாவியோரத்து விவசாயிகளிடம் கேட்டு எழுதாவிட்டால் எந்தெந்த மாதத்தில் வயலுக்கு உவர் ஏறுகிறது என்று தெரியாது. வரலாற்றுப் பாடத்துக்கு இதில் வேலை இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஐந்து பாடங்களை இழுத்துக் கட்டுவதைவிட மூன்றை ஒழுங்காகப் பிணைப்பது மேல்.

கேள்விக்குப் பொருந்தாத கருவி

அதிகமான திட்டங்கள் கவிழ்வது இங்கேதான்.

பலரும் முதலில் நாடுவது ஆவியாக்கும் முறை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 100 மில்லிலீற்றர் எடுத்துக் காய்ச்சினால் மிஞ்சுவது 3.5 கிராம். ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத சமையலறைத் தராசு இதை 3 என்றோ 4 என்றோ காட்டும். அதாவது லீற்றருக்கு 30 அல்லது 40 கிராம். உப்புக் குறைந்த உள்வாவி நீரென்றால் அந்தத் தராசில் எதுவுமே தெரியாது. 0.1 கிராம் வரை காட்டும் முக்கோல் தராசு இருந்தால் உப்புக் கூடிய நீருக்கு 250 மில்லிலீற்றர் போதும். சமையலறைத் தராசுதான் கதியென்றால் முழு லீற்றர் வேண்டும், அதுவும் உப்புக் கூடிய நீருக்கு மட்டுமே உதவும்.

காய்ச்சும்போதும் மூன்று இடத்தில் பிழைக்கும். வடிக்காத நீரில் சேறும் சேர்ந்து நிறுபடும். முதலில் வடிதாளில் வடியுங்கள். முழு நீரையும் ஒரே பாத்திரத்தில் வற்றவிட்டால் கடைசியில் உப்பு வெடித்துத் தெறிக்கும். சில்வர் பாத்திரத்தில் 50 மில்லிலீற்றர் அளவுக்கு வற்றவைத்து, அதை நிறுத்து வைத்த ஆவியாக்கற் கிண்ணத்துக்கு மாற்றி, கொதிநீராவியின் மேல் உலர்த்துங்கள். மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட்டு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கிண்ணத்தை மேசையில் விட்டுவிட்டு மறுநாள் நிறுத்தால் நிறை கூடியிருக்கும். ஆறியவுடன் நிறுத்து, மீண்டும் சூடாக்கி, இரண்டு முறை ஒரே நிறை வரும்வரை தொடருங்கள்.

அடுத்தது நீரமானி, அதாவது மிதக்கவிட்டு நீரின் அடர்த்தியை அளக்கும் கருவி. ஒரே தடிப்புள்ள குழாயின் அடியில் களிமண் வைத்து மிதக்கவிடுவது வழக்கம். அது 10 சென்ரிமீற்றர் அமிழ்ந்தால், நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடையே மட்டம் மாறுவது 2.4 மில்லிமீற்றர் மட்டுமே, ஏனென்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025தான். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளால் வாசிக்க முடியாது. சிறிய மருந்துக் குப்பியின் அடியில் மணல் இட்டு, மூடியில் 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயைப் பொருத்தி, இணைப்பை மெழுகால் அடையுங்கள். முழு நிறையும் 20 கிராம் ஆகவும், நன்னீரில் குழாயின் மேல்நுனி மட்டும் வெளியே தெரியவும் மணலைச் சரிபாருங்கள். இப்போது அதே அடர்த்தி மாற்றத்துக்குக் குழாய் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் மேலெழும். ஏன் இந்த வித்தியாசம் என்று கணக்குப் போடுவதே கணித ஆசிரியரின் பாடவேளை: இடம்பெயர்ந்த கனவளவில் வரும் மாற்றத்தைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் விடை வந்துவிடும்.

அளவுகோல் குறிக்க லீற்றருக்கு 0, 10, 20, 30, 40 கிராம் உப்புள்ள கரைசல்கள் தேவை. ஒரு லீற்றர் நீரில் உப்பைப் போடுவது பிழை. உப்பைக் குறைந்த நீரில் கரைத்து, பிறகு லீற்றர் குறிவரை நிரப்ப வேண்டும். எல்லா மாதிரிகளும் ஒரே வெப்பநிலையில் இருப்பதும் அவசியம். 5 பாகை வித்தியாசமே லீற்றருக்கு 2 கிராம் உப்பளவு பிழையைத் தந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் இந்த நீரமானி நம் கேள்விக்கு முழு விடை தராது. லீற்றருக்கு 2 கிராம் அளவிலேயே நெல்லுக்குப் பாதிப்புத் தொடங்கிவிடும். அந்த 2 கிராமுக்கு நீரமானி எழுவது ஒரு மில்லிமீற்றர்தான். எனவே முகத்துவாரப் பக்கத்துக்கு நீரமானி, உட்பக்கத்துக்கு ஒரு லீற்றர் நீரை வற்றவைத்து 0.1 கிராம் தராசில் நிறுத்தல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி எங்கே பயன்படாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். இந்தத் திட்டத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாடம் அதுதான்.

ஒரே நாள், ஒரே போத்தல்

உவர்நீர் கனமானது, அடியில் தங்கும். மேற்பரப்பில் மட்டும் அள்ளினால் வாவி உண்மையைவிட நன்னீராகத் தோன்றும். மூடியில் நூல் கட்டிய போத்தலைக் கல்லோடு இறக்கி, அடியில் வைத்து நூலை இழுத்துத் திறந்தால் அடிநீர் கிடைக்கும். ஜனவரியில் மழைநீர் நிரம்பிய வாவிக்கும் ஓகஸ்ட் வெயிலில் வற்றிய வாவிக்கும் ஒரே எண் வராது. இரண்டு பருவத்திலும் எடுக்க முடியாவிட்டால், மற்றப் பருவத்தைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள். பிள்ளைகளைத் தண்ணீருக்குள் இறக்கவே வேண்டாம். வாவியில் முதலை உண்டு. துறையில் நின்று கயிற்றால் எடுக்கலாம்.

நேரசூசியைப் பார்க்காமல் தொடங்குவது

ஒற்றைப் பாடவேளையில் ஒரு லீற்றர் வற்றாது. இரட்டைப் பாடவேளை கேளுங்கள், அல்லது அகன்ற தட்டில் வெயிலில் வைத்துக் குறைத்துவிட்டு வகுப்பில் முடியுங்கள். தவணை தொடங்குமுன் மூன்று ஆசிரியர்களும் ஒருமுறை அமர்ந்து, வரைபு எந்த வாரம், அடர்த்தி எந்த வாரம் என்று பார்க்க வேண்டும். விஞ்ஞான வகுப்பில் தரவு கையில் இருக்கும்போது கணித வகுப்பில் இன்னும் ஆள்கூற்றுத் தளம் வராவிட்டால் எல்லாம் தேங்கிவிடும். தரம் 11ஐ இதற்குள் இழுக்காதீர்கள்; சாதாரண தரப் பரீட்சைக்கு முன் அவர்களுக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. ஒன்பதும் பத்தும் பொருத்தமானவை.

குழுவுக்கு நால்வர் போதும். எட்டுப் பேரை வைத்தால் இருவர் செய்வார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். பையன்கள் கருவியைப் பிடிக்க, பெண்பிள்ளைகள் எழுத என்று வேலை தானாகப் பிரிந்துவிடுவது நம் வகுப்புகளில் சாதாரணம். ஒவ்வொரு மாதிரிக்கும் வேலையை மாற்றிவிடுங்கள்.

அழகான ஒப்படைக்குப் புள்ளி

அட்டைப்படத்துக்கும் எழுத்தழகுக்கும் புள்ளி போனால், பிள்ளைகள் பொருந்தாத வாசிப்பை அழித்து 'சரியான' எண்ணை எழுதிவிடுவார்கள். வாசிப்புகளைப் பேனையால், மும்முறை, களத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிழைத்தால் ஒற்றைக் கோடு, அழிறப்பர் வேண்டாம். இருபது புள்ளியில் எட்டை அந்த அழுக்கான தரவுத் தாளுக்கும், ஆறை வரைபுக்கும், ஆறை 'வரைபில் இந்த ஒரு புள்ளி ஏன் கோட்டை விட்டு விலகி நிற்கிறது?' என்ற கேள்விக்கும் கொடுங்கள். மூன்று ஆசிரியர்களும் ஒரே தாளைத் திருத்தி, தத்தம் பாடத்தின் பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஒரே வேலையை மூன்று தடவை எழுதும் சுமை அப்போது இருக்காது.