குதிக்கால் வெடிப்புக்கு இலுப்பெண்ணெய்

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வீசத் தொடங்கினால் இலங்கையின் வன்னியில் குளம் வற்றுவதற்கு முன் நம் குதிக்கால் வெடித்துவிடும். இதற்குக் கடைக் களிம்பைத் தேடி ஓட வேண்டாம். இலுப்பைக்குளம், இலுப்பைக்கடவை என்று ஊர்ப் பெயரிலேயே மரத்தை வைத்திருப்பவர்கள் அதன் எண்ணெயைக் கோயில் விளக்கோடு நிறுத்திவிடுவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

இரவில் இளஞ்சூட்டு நீரில் 10 நிமிடம் கால்களை ஊறவையுங்கள். ஈரத்தை ஒற்றி எடுத்து, முழுதும் உலருமுன் நாலைந்து துளி இலுப்பெண்ணெயைத் தேய்த்துக் காலுறை போடுங்கள். காலுறை கட்டாயம், இல்லாவிட்டால் பாயெல்லாம் எண்ணெய்தான். இந்த எண்ணெயில் ஒலியிக், ஸ்டியரிக் என்னும் கொழுப்பு அமிலங்கள் நிறைய உண்டு. அதனால் தோலில் படலமாகத் தங்கி, ஈரம் வெளியேறாமல் காக்கிறது.

மார்கழிக் குளிரில் போத்தலுக்குள் நெய்போல உறைந்தால் அது பழுதன்று. சுடுநீரில் போத்தலை வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேராகக் காய்ச்ச வேண்டாம். வாசனை சிலருக்குப் பிடிக்காது, பழகிவிடும்.

முதலில் முன்கையில் ஒரு துளி பூசி, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். வெடிப்பில் இரத்தமோ சீழோ இருந்தால், அல்லது நீரிழிவு இருந்தால், முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.