பழைய கார் வாங்கினால் பாலிசியிலும் பெயர் மாற்றுங்கள்

ஆர்சியில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) பெயர் மாறிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 157-இன்படி மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் தானாகப் புது உரிமையாளருக்கு வரும். உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான சொந்தச் சேதக் காப்பீடு அப்படி வராது. மறுநாளே பம்பர் நொறுங்கினாலும் கிளெய்மை மறுத்துவிடலாம். கை மாறிய 14 நாளுக்குள் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 நகல்கள், பழைய பாலிசி, விற்றவரின் ஒப்புதல் கடிதத்தோடு இன்சூரன்ஸ் நிறுவனத்தில் விண்ணப்பியுங்கள். விற்றவரின் என்சிபி (கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் தரும்) தள்ளுபடி உங்களுக்குக் கிடையாது. மீதிக் காலத்துக்கான வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

நீங்கள் காரை விற்பவராக இருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் என்சிபி சான்றிதழைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். 50 சதவீதம் வரையான அந்தத் தள்ளுபடி, 3 ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்குச் செல்லும். ஆர்சியில் பெயர் மாறியதா என்றும் பாருங்கள். மாறாதவரை விபத்து வழக்கில் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் தலையில்தான்.