ஏரிக்கு மேலேதான் மலை: ஒரே நாளில் உச்சிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரிக்கரைக்கு வந்துவிட்டால் பெரும்பகுதி முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த வகை மலையேற்றத்தில் தாய்த் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை. பனிமலைப் பகுதிகளில் உயரத்தில் இருக்கும் ஏரிகள் பெரும்பாலும் பழைய பனியாறுகள் குடைந்த கிண்ணம் போன்ற பள்ளத்தில் தேங்கியவை. அந்தப் பள்ளத்தின் பின்சுவர் செங்குத்தாக நிற்கும். உச்சிக்கு வழி அதன் மேல்தான் போகிறது.

கிலோமீட்டரை வைத்து நேரம் போடுவது

ஒரு வழிக்கு 7 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 1300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏரி 5 கிலோமீட்டரில், 600 மீட்டர் ஏறியதும் வருகிறது. "ஏழில் ஐந்து முடிந்தது, இன்னும் ரெண்டுதானே" என்று மனசு கணக்குப் போடும். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் 700 மீட்டர் உயரம் மிச்சமிருக்கிறது.

மலையில் நேரத்தை உயரம்தான் தீர்மானிக்கிறது. ஆல்ப்ஸ் பகுதியில் புழங்கும் கணக்கு இது: மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம், சமதளமாக 4 கிலோமீட்டர். உயரத்துக்கான நேரத்தையும் தூரத்துக்கான நேரத்தையும் தனித்தனியாகப் போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஏரி வரை 2 மணி 37 நிமிடம், ஏரியிலிருந்து உச்சிக்கு 2 மணி 35 நிமிடம். தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடந்தும் நேரத்தில் பாதிதான் போயிருக்கிறது. இறங்க ஏறக்குறைய மூன்றரை மணி. ஓய்வையும் சேர்த்தால் நாள் முழுக்கப் பத்து மணி நேரம்.

எட்டு மணிக்குக் கிளம்பினால் உச்சியில் நிற்பது பிற்பகல் இரண்டு மணிக்கு. கோடையில் இடிமேகம் திரள்வதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதனால் காலை ஆறுக்கே நடக்க ஆரம்பித்துவிடுங்கள். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே எழுதி வையுங்கள்: ஏரியைப் பத்து மணிக்குள் அடையாவிட்டால் அன்றைக்கு ஏரியோடு சரி, எங்கே இருந்தாலும் ஒரு மணிக்கு மேல் ஏறுவதில்லை. மேலே போய் முடிவெடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், உச்சி கண்ணுக்குத் தெரியும்போது யாருக்கும் திரும்ப மனசு வராது. அதிலும் கண்ணில் படுவது பெரும்பாலும் உண்மையான உச்சியாக இருக்காது. அதற்குப் பின்னால் இன்னொரு மேடு இருக்கும்.

ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம்

வியர்த்த உடம்போடு நீண்ட நேரம் உட்கார்ந்தால் தசை இறுகும், உடம்பு குளிரும், கிளம்பும்போது கால் கனக்கும். பதினைந்து நிமிடம் போதும். அந்த நேரத்தில் மூன்று வேலைகள் முடிய வேண்டும்.

முதலாவது தண்ணீர். ஏற்றத்தில் மணிக்குச் சுமார் அரை லிட்டர் செலவாகும். ஏரிக்கு மேலே பெரும்பாலும் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. பாட்டிலை இங்கேயே நிரப்புங்கள், ஆனால் தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே குடிக்காதீர்கள். கால்நடையும் காட்டு விலங்கும் வந்துபோகும் கரையில் வயிற்றுப்போக்கைத் தரும் ஜியார்டியா என்ற கிருமி இருக்கலாம். 0.2 மைக்ரானோ அதைவிட நுண்ணிய துளையோ உள்ள வடிகட்டி அதைத் தடுக்கும். கொதிக்க வைப்பதானால் 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும்; அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். தண்ணீரைச் சுத்தமாக்கும் மாத்திரை போட்டால், குளிர்ந்த நீரில் அது வேலை செய்ய அதிக நேரமாகும் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது சாப்பாடு. ஒரே மூச்சில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் செங்குத்தில் ஏறுவது கடினம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று சிறுகச் சிறுகச் சாப்பிடுவது நல்லது.

மூன்றாவது, அண்ணாந்து பார்ப்பது. மேகம் எப்படி வளர்கிறது, மேலே பனித்திட்டு கிடக்கிறதா, கூட வந்தவர் முகம் எப்படி இருக்கிறது? 2500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அது உயர நோயாக இருக்கலாம். மாத்திரை விழுங்கிவிட்டு மேலே போகக் கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ உடனே இறங்க வேண்டும், அவரைத் தனியாக அனுப்பவும் கூடாது.

ஏரியில் குதிப்பதும் இங்கே வழக்கமான தவறு. பனி உருகிய நீரில் சட்டென்று இறங்கினால் மூச்சு தானாகவே இழுக்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நல்ல நீச்சல்காரரும் மூழ்கலாம்.

சரளையும் பனித்திட்டும்

ஏரிக்கு மேலே சரளைச் சரிவில் நேராக ஏறினால் வைக்கிற காலில் பாதி பின்னால் வழுக்கும். வளைந்து வளைந்து போகும் தடத்தை விடாதீர்கள். அந்த வளைவுகளில் ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் வரும் இடங்கள்தான் ஆபத்தானவை. மேலே போகிறவர் கால் பட்டு உருளும் முஷ்டியளவு கல், முப்பது மீட்டர் கீழே வருவதற்குள் மண்டையை உடைக்கும் வேகத்தைப் பிடித்துவிடும். குழுவாகப் போனால் நெருங்கிப் போங்கள். கல் வேகம் பிடிக்க இடம் இருக்காது. வேறு குழு மேலே இருந்தால் அவர்கள் கடக்கும்வரை ஒதுங்கி நில்லுங்கள். கல் உருண்டால், அது சின்னதாக இருந்தாலும், "கல்!" என்று கத்துங்கள். பெரிய பாறைக் குவியலில், எடையை முழுசாகப் போடுமுன் காலால் அழுத்திப் பாருங்கள். ஆடுகிற பாறை அப்போதே தெரிந்துவிடும்.

கோடையின் தொடக்கத்தில் பனித்திட்டு குறுக்கே கிடக்கும். காலையில் அது கண்ணாடிபோல் இறுகியிருக்கும். வழுக்கினால் எங்கே போய் நிற்போம் என்று முதலில் கீழே பாருங்கள். கீழே பாறையோ ஏரியோ இருந்தால், பனிக்கோடரியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் இல்லாதவர்கள் திரும்பிவிட வேண்டும். ஷூவில் மாட்டும் சிறு முள்சங்கிலி சமதளப் பனிக்குத்தான், செங்குத்துக்கு அல்ல. பனியின் ஓரத்தில் துருத்தி நிற்கும் பாறையைப் பிடித்துக்கொள்ளப் பலர் நெருங்குவார்கள். பாறை வெயிலில் சூடாகி, அதைச் சுற்றியுள்ள பனியை அடியில் உருக்கிக் குழியாக்கியிருக்கும். மேலே மெல்லிய ஓடுதான் இருக்கும், கால் இடுப்புவரை உள்ளே போகலாம். பாறையிலிருந்து குறைந்தது ஒரு நீளமான காலடி தள்ளி மிதியுங்கள்.

உச்சியில்

ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஏரிக்கரையில் 15 டிகிரி என்றால் உச்சியில் 10 வாக்கில்தான் இருக்கும். காற்று அதை இன்னும் குறைவாக உணரவைக்கும். பருத்திச் சட்டை வியர்வையை விடாமல் பிடித்துக்கொள்வதால் ஆபத்தானது. காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டை உச்சிக்குச் சற்றுக் கீழே, உடம்பு சூடாக இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். நடுங்க ஆரம்பித்தபின் ஜிப்பைப் பிடிக்கக்கூட விரல் மடங்காது.

இடி கேட்டால் படம் எடுக்க நிற்காமல் முகட்டைவிட்டு இறங்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடி என்றால் புயல் 10 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் மேல் விழ அது போதும் தூரம்.

இறக்கம்

சோர்ந்த காலும் "முடிந்துவிட்டது" என்ற நினைப்பும் சேரும் நேரம் இது. உச்சியிலேயே லேஸை அவிழ்த்து, குதிகால் பின்னால் ஒட்டியிருக்கும்படி கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக விட்டால் விரல்கள் ஷூவின் முனையில் மோதி நகம் கறுத்துவிடும். ஊன்றி நடக்கும் குச்சியை 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டுங்கள், காலடியைச் சுருக்குங்கள், முட்டியை லேசாக மடித்தே வையுங்கள். கையை ஊன்றி இறங்க வேண்டிய இடத்தில் குச்சி பையில் இருக்கட்டும்.

குறுக்குவழி தேடாதீர்கள். மேலிருந்து புல்சரிவாகத் தெரிவது நடுவில் பாறைச் செங்குத்தாக முறிந்துவிடும், கீழிருந்தால் மட்டுமே அது கண்ணில் படும். ஏறும்போதே பிரிவுகளில் நின்று திரும்பிப் பார்த்தால், மாலையில் அதே இடம் அடையாளம் தெரியும். ஹெட்லாம்ப்பும் போனில் இறக்கி வைத்த வரைபடமும் கட்டாயம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் போனை உடம்பை ஒட்டிய பையில் வையுங்கள்.

சிக்கிக்கொண்டு சிக்னலும் கிடைக்காவிட்டால், நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ விளக்கோ, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. ஆல்ப்ஸ் மலைகளில் தொடங்கிய அபாயச் சைகை இது. நிமிடத்துக்கு மூன்று என்று பதில் வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் இடம் மாறாமல், ஆட்கள் வந்து சேரும்வரை சைகையைத் தொடருங்கள்.