ஆற்று நீரில் உப்பு ஏறினால் அரசிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

ஆற்று நீரின் தரத்தைக் காப்பது அரசின் கடமை என்று பல நாடுகளின் சட்டங்கள் சொல்கின்றன. ஆனால் எந்த இடத்தில், எந்த அளவுக்குள், எவ்வளவு காலத்துக்கு, யாருடைய பொறுப்பில் என்ற நான்கும் எழுத்தில் இல்லாதவரை, அந்தக் கடமை நிறைவேறியதா என்பதை எவராலும் சரிபார்க்க முடியாது. ஆகவே மனு எழுத உட்காருவதற்கு முன், உங்கள் ஆற்றுக்கு அப்படி ஓர் அளவு வகுக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றுக்கு அது உண்டு: மோர்கன் என்ற இடத்தில், 95 சதவீத நேரம், நீரின் மின்கடத்துதிறன் (கரைந்த உப்பு கூடக் கூட உயரும் அளவு; மைக்ரோசீமென்ஸ் அதன் அலகு) சென்டிமீட்டருக்கு 800 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் ஆற்றுக்கு எதுவும் இல்லையென்றால், அதை வகுக்கச் சொல்வதே உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

அடுத்து, கையில் அளவீடு வேண்டும். மின்கடத்துதிறன் காட்டும் சிறு கருவி போதும். ஆனால் அளக்கச் செல்லும் ஒவ்வொரு நாளும் அதை 1413 மைக்ரோசீமென்ஸ் தரக் கரைசலில் (மின்கடத்துதிறன் முன்பே தெரிந்த கரைசல்) வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கரையோரம் தேங்கி நிற்கும் நீரை எடுக்காமல், ஓடும் நீரிலிருந்து எடுங்கள். போத்தலை அதே ஆற்று நீரால் இரண்டு மூன்று முறை அலசிய பிறகு நிரப்புங்கள். வெப்பம் கூடினால் மின்கடத்துதிறனும் கூடுமென்பதால், கருவி 25 டிகிரி செல்சியஸுக்குத் திருத்திக் காட்டுகிறதா என்று பாருங்கள். டி.டி.எஸ். (நீரில் கரைந்த பொருள்களின் மொத்த அளவு) என்று கருவி காட்டும் எண், மின்கடத்துதிறனை ஏறத்தாழ 0.5 முதல் 0.7 வரையிலான ஒரு காரணியால் பெருக்கிச் சொல்லும் மதிப்பீடுதான். எனவே மின்கடத்துதிறனையே குறிப்பேட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், நீரோட்டம் ஆகியவற்றையும் உடன் எழுதுங்கள். கழிமுகத்துக்கு அருகில் என்றால் ஓத நேரமும் (கடல் மட்டம் ஏறி இறங்கும் நேரம்) ஆழமும் கட்டாயம் தேவை. கடல்நீர் கனமானது, மேலே நன்னீர் ஓடும்போதே அடியில் அது ஆப்புபோல உள்ளே ஏறியிருக்கும்.

பிறகு, உப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். பாசன வயல்களின் வடிகால் நீர், உவர் நிலத்தடி நீரின் கசிவு, ஆலைக் கழிவு, நீர்வரத்து குறைந்ததால் ஏறிவரும் கடல்நீர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான துறையும் தீர்வும் வேறு. நீரில் கரைந்த உப்பைக் குடிநீர் நிலையத்தின் வழக்கமான வடிகட்டலும் குளோரினும் நீக்குவதில்லை என்பதால், ஆற்றில் சேருமுன் தடுப்பதே உண்மையான கடமை. மேலணையிலிருந்து நீர் திறந்து உப்பை நீர்க்கச் செய்வது அவசரத்துக்கு உதவும். உப்பின் மொத்த எடை அதனால் குறையாது.

நீரின் அளவை மட்டும் பேசித் தரத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குப் பாயும் கொலராடோ ஆறு காட்டியது. அமெரிக்காவும் மெக்சிகோவும் 1944இல் செய்துகொண்ட ஒப்பந்தம் மெக்சிகோவுக்கு எவ்வளவு நீர் தர வேண்டும் என்று சொன்னதே தவிர, அதன் உப்புத்தன்மைக்கு வரம்பு வகுக்கவில்லை. 1961இல் அரிசோனாவின் வெல்டன்-மொஹாக் பாசனப் பகுதியின் உவர் வடிகால் நீர் ஆற்றில் விடப்பட்டதும், மெக்சிகாலி பள்ளத்தாக்கின் உழவர்கள் பெரும் இழப்புக்கு உள்ளானார்கள். மெக்சிகோவுக்குச் செல்லும் நீரின் உப்பு வரம்பை எண்ணாக எழுதிய உடன்பாடு 1973இல்தான் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா தனிச் சட்டமும் இயற்றியது.

மனுவில் பொதுவான குறைகளை அடுக்காமல், துறை வாரியாகத் தனித்தனிக் கேள்விகளாக எழுதுங்கள்: இந்த இடத்துக்கான வரம்பு என்ன, யார் அளக்கிறார்கள், வரம்பு மீறினால் கீழ்மடை உழவர்களுக்கும் குடிநீர் நிலையங்களுக்கும் எத்தனை மணி நேரத்தில் தெரிவிப்பீர்கள், கழிமுகம் வரை ஓட வேண்டிய குறைந்தபட்ச நீர் எவ்வளவு? இவற்றோடு உப்புக் கணக்குப் பதிவேடு ஒன்றையும் கேளுங்கள். என் கருத்தில் அதுவே மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்தரும். மர்ரே-டார்லிங் படுகையில், உப்பைக் கூட்டும் திட்டங்கள் பற்றாகவும் குறைக்கும் பணிகள் வரவாகவும் ஒவ்வொரு மாநிலத்தின் பெயரிலும் பதியப்படுகின்றன. அதனால் புதிய திட்டத்தைத் தொடங்கும் மாநிலம் அதன் உப்புச் சுமைக்கு ஈடு காட்டியாக வேண்டியிருக்கிறது.

மனுவுக்கு ஒப்புகை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பதிலில் ஆண்டுச் சராசரி மட்டும் இருந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்; வெள்ளக் காலத்து நன்னீர் அந்தச் சராசரியைத் தாழ்த்திவிடும். நீர் மிகக் குறைவாக ஓடிய மாதங்களின் தினசரி அளவீடுகளைத் தனியாகக் கேட்டு, உங்கள் குறிப்பேட்டோடு நாள்வாரியாக ஒப்பிட்டு, வேறுபாடு உள்ள நாட்களை இணைத்து மறு மனு அனுப்புங்கள்.