ஜிமேட் கணிதம்: விடாப்பிடியால் போகும் புள்ளிகள்

வந்தாறுமூலையில் முகாமைத்துவம் படித்து வங்கிக்குப் போனவர், ஒலுவிலில் பொறியியல் முடித்தவர், கல்முனையில் கணக்காய்வு வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டு எம்.பி.ஏ.வுக்கு ஆயத்தமாகிறவர் என்று, எம்.பி.ஏ. போன்ற முகாமைத்துவப் பட்டப் படிப்புகளுக்கான நுழைவுப் பரீட்சையான ஜிமேட்டை எழுத வருகிறவர்களில் கணிதம் தெரியாதவர் மிகக் குறைவு. அப்படியிருந்தும் மாதிரிப் பரீட்சைகளில் அவர்களுடைய கணிதப் புள்ளி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நாங்கள் தொடங்கிய காலத்தில் விட்ட அதே பிழைகள்தான் இன்றும் விடப்படுகின்றன. கூட்டலில் சறுக்குவது, அடைப்புக்குறியை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோரும் அறிந்தவை.

பரீட்சையின் அமைப்பை மட்டும் முதலில் நினைவில் வையுங்கள். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கணிதத்தில் 21 கேள்வி, ஆங்கில மொழிப் பகுதியில் 23, தரவுகளை ஆராயும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் 20. பகுதிக்கு 60 முதல் 90 வரை புள்ளி. மொத்தப் புள்ளி 205 முதல் 805 வரை, அதில் மூன்று பகுதிகளுக்கும் சம பங்கு.

ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டுவது

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் கெட்டிக்காரப் பிள்ளைகளையே இது வீழ்த்துகிறது. பார்த்துக்கொண்டிருக்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும்.

பழக்கம் பாடசாலையின் உயர்தர வகுப்பில் தொடங்குகிறது. இணைந்த கணிதத்தில் ஒரு வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம். பகுதி ஆ-வில் ஏழில் ஐந்து கேள்விகளை நாமே தெரிந்தெடுக்கிறோம். ஒரு கேள்விக்கு 150 புள்ளி, அதற்கு ஏறக்குறைய 27 நிமிடம் கிடைக்கும். கடைசி விடை பிழைத்தாலும் எழுதிய படிகளுக்குப் புள்ளி உண்டு. ஆகவே முட்டி மோதி இன்னும் இரண்டு வரி எழுதுவது அங்கே புத்திசாலித்தனம். ரியூஷன் வகுப்பில் ஆசிரியரும் அதைத்தான் சொல்லித் தருவார்: “விடாதே, எழுது.”

ஜிமேட்டில் படிக்குப் புள்ளி கிடையாது. ஐந்து விடைகளில் ஒன்றை அமுக்குகிறீர்கள், அவ்வளவுதான். ஒரு கேள்விக்குக் கிடைப்பது சராசரியாக 2 நிமிடம் 9 செக்கன்.

அடிக்கடி நடப்பது இதுதான். 4ஆம் கேள்வியில் ஒருவர் 5 நிமிடம் செலவழிக்கிறார். 9ஆம் கேள்வியில் 6 நிமிடம். 13ஆம் கேள்வியில் நாலரை நிமிடம். மூன்றையும் சரியாகவே செய்துவிட்டார் என்று வையுங்கள். பதினைந்தரை நிமிடம் போய்விட்டது. மிச்சம் இருபத்தொன்பதரை நிமிடத்தில் 18 கேள்வி செய்ய வேண்டும், கேள்விக்கு 1 நிமிடம் 38 செக்கன். சாதாரண வேகத்தில் அந்த 18க்கும் முப்பத்தெட்டரை நிமிடம் தேவை. குறைகிற ஒன்பது நிமிடமும் கடைசி நாலு கேள்வியை விழுங்கும். அந்த நாலில் அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய விகிதக் கணக்கொன்று இருந்திருக்கும். அதை வாசிக்கவே நேரமிருக்காது.

இது ஆளுக்கேற்ப மாறும் பரீட்சை. முன்னைய விடைகளைப் பார்த்தே அடுத்த கேள்வியின் கடினம் அமைகிறது. உங்கள் தரத்துக்கு மேலான கேள்வியொன்றைத் தவறவிட்டால் பெரிய இழப்பில்லை. உங்கள் தரத்துக்குக் கீழானதைத் தவறவிட்டால்தான் புள்ளி இறங்கும். நன்றாகச் செய்கிறவருக்குக் கடினமான கேள்வி வந்துகொண்டேதான் இருக்கும், ஆகவே சிலது முடியாமல் போவது இயல்பு. எதையும் விடையளிக்காமல் விட்டால் அதற்குத் தனியாகப் புள்ளி குறைப்பார்கள். கடைசி நிமிடத்தில் மிஞ்சிய எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்றையாவது அமுக்கியாக வேண்டும்.

செய்ய வேண்டியதைக் கணக்காகவே சொல்கிறோம். 7ஆம் கேள்வி முடியும்போது திரையில் 30 நிமிடம் மிஞ்சியிருக்க வேண்டும், 14ஆம் கேள்வி முடியும்போது 15 நிமிடம். இந்த இரண்டு இடத்திலும் மட்டும் மணிக்கூட்டைப் பாருங்கள். கேள்விக்குக் கேள்வி பார்த்தால் பதற்றம்தான் கூடும்.

ஒரு கேள்விக்குள் முதல் ஒரு நிமிடம் முடியும்போது உங்களையே கேளுங்கள்: முதற்படி தெரிகிறதா? தெரிந்தால் தொடருங்கள். தெரியாவிட்டால் இன்னும் 30 செக்கனில் விடைகளைக் கழித்துக்கட்டி, ஒன்றை அமுக்கிவிட்டு நகருங்கள். இரண்டரை நிமிடம் தாண்டினால், முடியப்போகிறது போலத் தோன்றினாலும் விடுங்கள். “இதோ வந்துவிட்டது” என்ற அந்த உணர்வுதான் இரண்டரை நிமிடத்தை ஐந்தாக்குகிறது. பகுதிக்கு மூன்று கேள்வியை விடலாம் என்று பரீட்சைக்கு முன்பே தீர்மானித்துக்கொண்டு உள்ளே போங்கள். அப்போது விடுவது தோல்வியாகத் தோன்றாது.

இதைப் பரீட்சையன்று திடீரென்று செய்ய வராது. வீட்டிலும் பழக வேண்டும். 21 கேள்வியை 45 நிமிடத்தில் செய்யுங்கள். எந்த மூன்றை விட்டீர்கள், அவை விடவேண்டியவைதானா என்று பிறகு பாருங்கள். விடவேண்டியதைத் தெரிவுசெய்வதும் ஒரு திறமை, பயிற்சியால்தான் வரும்.

அதே உயர்தரப் பழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: எதற்கெடுத்தாலும் x, y என்று சமன்பாடு எழுதுவது. ஒரு கணக்கு: சிறிய தயிர்ச் சட்டி 400 ரூபாய், பெரியது 700 ரூபாய். ஒருவர் 20 சட்டியை 9,800 ரூபாய்க்கு வாங்கினார். பெரியது எத்தனை? இரண்டு சமன்பாடு எழுதி, ஒன்றைப் பெருக்கி, மற்றதிலிருந்து கழித்தால் ஒன்றரை நிமிடம் ஓடிவிடும். இப்படிப் பாருங்கள்: எல்லாமே சிறியது என்றால் 8,000. கூட இருப்பது 1,800. ஒரு பெரிய சட்டிக்குக் கூடுவது 300. ஆகவே 6. இருபது செக்கன் போதும். மிச்சம் பிடித்த அந்த நேரம்தான் கடினமான கேள்விக்கு உதவும்.

பகுதி முடிவில் நேரம் மிஞ்சினால் அதிகபட்சம் மூன்று விடைகளை மாற்றலாம். மல்லுக்கட்டுகிறவர்கள் இதையும் பிழையாகவே பயன்படுத்துகிறார்கள், முடியாமல் விட்ட பெரிய கணக்கை மறுபடி தொடங்குகிறார்கள். முப்பது செக்கன் சரிபார்த்தால் உறுதியாகிவிடும் என்ற கேள்விகளை மட்டும் குறித்துவைத்து அவற்றுக்குத் திரும்புங்கள்.

தமிழில் படித்த கணிதம், ஆங்கிலக் கேள்வி

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தனிப் பிரச்சினை. கணிதம் தமிழ்மொழி மூலம், பரீட்சை ஆங்கிலத்தில். கணக்கைச் சரியாகச் செய்து, கேட்காத கேள்விக்கு விடை கண்டுபிடிப்பார்கள்.

1 முதல் 200 வரையான முழு எண்களில் 3 ஆல் அல்லது 5 ஆல் வகுபட்டு, ஆனால் இரண்டாலும் ஒருங்கே வகுபடாதவை எத்தனை? 3 இன் மடங்கு 66, 5 இன் மடங்கு 40, இரண்டுக்கும் பொதுவான 15 இன் மடங்கு 13. 66 + 40 − 13 = 93 என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆங்கிலக் கேள்வியில் வரும் “பட் நொட் போத்” (ஆனால் இரண்டும் அல்ல) என்ற மூன்று சொல்லைத் தாண்டிவிட்டார்கள். பொதுவானதை இரண்டு தரம் கழிக்க வேண்டும்: 80. விடைப் பட்டியலில் 93 கட்டாயம் இருக்கும், கேள்வி எழுதியவருக்கு உங்கள் பிழை தெரியும்.

தனிக் கொப்பியில் இச்சொற்களை எழுதி, எதிரே குறியீட்டைப் போடுங்கள். “அட் லீஸ்ட்” என்றால் ≥. “நோ மோர் தன்” என்றால் ≤. “நொன்-நெகட்டிவ்” என்றால் பூச்சியமும் சேரும், “பொசிட்டிவ்” என்றால் சேராது. “டிஸ்டிங்க்ற்” என்றால் ஒன்றுக்கொன்று வேறானவை. “20 பர்சென்ற் ஒஃப்” என்றால் 0.2 மடங்கு, “20 பர்சென்ற் கிரேட்டர் தன்” என்றால் 1.2 மடங்கு. A, B-யை விட 25% கூட என்றால் B, A-யை விட 20% தான் குறைவு. இதில் 25 என்றே விடை போடுகிறவர்கள் பலர். முப்பது நாற்பது சொல்லுக்குமேல் தேவைப்படாது. ஒரு கிழமையில் கைவசமாகும்.

“கவனக்குறைவு” என்று எழுதுவது

பிழைக் கொப்பி வைத்திருக்கிறவர்களைக் கேட்டால் காரண நிரலில் பாதிக்கு மேல் “கவனக்குறைவு” என்றிருக்கும். அது காரணமே ஆகாது, அதை வைத்து நாளைக்கு எதையும் திருத்த முடியாது. என்ன நடந்தது என்று எழுதுங்கள்: விதி தெரியவில்லை, விதி தெரிந்தும் இங்கே பொருந்தும் என்று படவில்லை, கேள்வியைப் பிழையாக வாசித்தேன், x² = 5x இல் இரு பக்கமும் x ஆல் வகுத்துப் பூச்சியத்தைத் தொலைத்தேன், நேரம் போய் அவசரப்பட்டேன். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

விளக்கத்தை வாசித்து “ஓ, விளங்கிவிட்டது” என்று பக்கத்தைத் திருப்பினால் எதுவும் மிஞ்சாது. அதே கேள்வியைப் பத்து நாள் கழித்து, விளக்கம் பார்க்காமல், இரண்டு நிமிடத்துக்குள் செய்து பாருங்கள். வந்தால் அழியுங்கள். வராவிட்டால் இன்னொரு பத்து நாள் கழித்து மறுபடி. நாளுக்கு அறுபது புதுக் கேள்வி செய்கிறவரைவிட, இருபது செய்து பிழைத்ததைத் திரும்பச் செய்கிறவர்தான் ஏறுகிறார்.

“இரண்டும் சேர்ந்தால் போதும்” என்ற அவசரம்

டேட்டா சஃபிசியன்சி கேள்விகள் இப்போது டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்குள் இருக்கின்றன. கணிதம் என்று நினைத்துப் படிக்காமல் விடுகிறவர்கள் அங்கே அடிபடுகிறார்கள். கேள்வி விடையைக் கேட்பதில்லை, தரப்பட்ட இரண்டு கூற்றுகள் போதுமா என்றுதான் கேட்கிறது.

உதாரணம்: பேனை 70 ரூபாய், பென்சில் 30 ரூபாய். ஒருவர் இரண்டிலும் ஒன்றாவது வாங்கினார். எத்தனை பேனை வாங்கினார்? கூற்று 1: மொத்தம் ஐந்து பொருள். கூற்று 2: மொத்தச் செலவு 270 ரூபாய்.

இரண்டு தெரியாக்கணியம், இரண்டு சமன்பாடு, ஆகவே இரண்டும் சேர்ந்தால் போதும் என்று அமுக்கிவிடுவார்கள். கூற்று 2-ஐத் தனியே எடுங்கள். ஒரு பேனை என்றால் மிச்சம் 200, அது 30 ஆல் வகுபடாது. இரண்டு பேனை என்றால் மிச்சம் 130, அதுவும் வகுபடாது. மூன்று பேனை என்றால் மிச்சம் 60, இரண்டு பென்சில். நாலு பேனைக்கே 280 வேண்டும். ஒரே விடைதான் வருகிறது, ஆகவே கூற்று 2 தனித்தே போதும். எண்ணக்கூடிய பொருள் வந்தால், அதாவது ஆள், பேனை, சட்டி, நாற்காலி வந்தால், பின்னமும் மறை எண்ணும் வராது என்பதே மறைந்திருக்கும் மூன்றாவது தகவல்.

இன்னொன்று: கூற்று 2-ஐப் பார்க்கும்போது கூற்று 1-ஐக் கையால் மூடுங்கள். முன்னதில் படித்தது பின்னதற்குள் கசிந்துவிடும்.

கல்குலேட்டர்

கணிதப் பகுதியில் இல்லை. டேட்டா இன்சைட்ஸில் திரையில் ஒன்று உண்டு. எக்செல்லிலேயே பழகிய வங்கிக்காரரும் கணக்காளரும் இன்றே கையால் தொடங்குங்கள். 25 வரை வர்க்கம், 2 இன் பத்தாம் அடுக்கு வரை, 100 வரை முதன்மை எண்கள், 1/6 இலிருந்து 1/12 வரை சதவீதம். 248 இன் 37.5% என்று வந்தால் பெருக்காதீர்கள்: மூன்று எட்டிலொன்று, அதாவது 31 × 3 = 93.

பழைய புத்தகம்

2024க்கு முந்திய புத்தகத்தைப் பிரதி எடுத்துப் படித்தால், இப்போது கேட்கப்படாத கேத்திரகணிதத்துக்கு ஒரு மாதம் போகும். பழைய 700 என்ற இலக்கும் மாறிவிட்டது. புதிய அளவில் அதற்கு ஒத்தது ஏறக்குறைய 645.

அதிகாரபூர்வ மாதிரிப் பரீட்சை

இலவசமாகக் கிடைப்பது இரண்டே இரண்டு. முதல் வாரத்திலேயே இரண்டையும் செய்து தீர்க்காதீர்கள். ஒன்று தொடக்கத்தில், மற்றது பரீட்சைக்கு இரண்டு கிழமை முன்.

பயணம்

கொழும்பில் எழுதுவதென்றால் முதல்நாளே போய்ச் சேருங்கள். மட்டக்களப்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் இருந்துவிட்டு இரண்டே கால் மணித்தியாலம் சிந்திக்க முடியாது. வீட்டிலிருந்து எழுதுவதென்றால் மின்வெட்டுக்கும் இணையத்துக்கும் முன்கூட்டியே மாற்று வழி பாருங்கள். மறுபடி எழுத 16 நாள் பொறுக்க வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் ஐந்து தடவைதான்.

பேனையும் தாளும்

இரண்டும் கிடையாது. மண்டபத்தில் அழிக்கக்கூடிய பலகைத் தாளும் மார்க்கரும் தருவார்கள், வீட்டில் எழுதினால் சிறிய வெள்ளைப் பலகை வைத்திருக்கலாம். மார்க்கர் எழுத்து தடிப்பாக விழும், இடம் சீக்கிரம் முடியும், 6உம் 0உம் ஒன்றாகிவிடும். ஒரு ஏ4 தாளை லமினேற் செய்து, மெல்லிய முனை மார்க்கரால், கடைசி மூன்று கிழமையும் அதிலேயே கணக்குச் செய்யுங்கள். ஒவ்வொரு கேள்வியின் கீழும் ஒரு கோடு போட்டு எண்ணை எழுதுங்கள். குறித்துவைத்த கேள்விக்குத் திரும்பும்போது உங்கள் செய்கையைத் தேட வேண்டியிருக்காது.