நாட்டு விதை, நாட்டு மாடு காப்பாத்துறேன்னு இறங்குறவங்க பண்ற தப்புங்க

பாரம்பரிய நெல்லு, நாட்டு மாடுன்னு இப்ப நிறைய பேரு ஆசையா இறங்குறாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா மூணு நாலு வருஷத்துல விதை கலந்துபோயி, கன்னுங்க வத்தலா பொறந்து, "நாட்டு ரகம்னா இப்படித்தான்"னு கைவிட்டவங்களையும் பாத்துட்டேன். அதுல ஒரு தப்பு எங்க வீட்லயே நடந்துச்சு.

குறுவைக்கு பூங்கார்னு ஒரு பாரம்பரிய நெல்லு போட்டிருந்தோம். ஆள் கிடைக்கலன்னு அறுவடை மெஷின விட்டோம், அது முந்தின நாள் வேற ஊர்ல வேற ரகம் அறுத்துட்டு நேரா நம்ம வயலுக்கு வந்த வண்டி, உள்ள தங்கின நெல்லெல்லாம் நம்ம விதையில விழுந்து அடுத்த வருஷம் ஒரே வயல்ல மூணு உசரத்துல கதிர் நிக்குது. பக்கத்து வயல் மகரந்தத்தால கெட்டுச்சுன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, நெல்லு பெரும்பாலும் தன் பூவுக்குள்ளயே கருக்கட்டிக்கும், விதைச்சான்றுக்கே 3 மீட்டர் இடைவெளி போதும். கலப்பு வர்றது மெஷின்ல, களத்துல, பழைய சாக்குல. அதனால வயலுக்கு நடுவுல விதைக்குன்னு ஒரு பாத்தி ஒதுக்கி, பூக்குறப்பவும் முத்துறப்பவும் கலவன் (கலந்து வந்த வேற ரகச் செடி) பிடுங்கிட்டு, கையால அறுத்து தனியா அடிச்சு எடுங்க.

கலவன் எடுக்குறதுக்கும் எல்லாத்தையும் ஒரே அச்சா மாத்துறதுக்கும் வித்தியாசம் இருக்குங்க. நல்ல பெரிய கதிரா பத்து பொறுக்கி அதுல மட்டும் விதை எடுக்குறதுதான் நான் பாத்த தப்புலயே பெருசு. நாட்டு ரகம்னா ஒரு செடி இல்ல, அது ஒரு கூட்டம், ஒண்ணு வறட்சி தாங்கும், ஒண்ணு தண்ணி நின்னா தாங்கும், ஒண்ணு நோய் தாங்கும், பாக்குறதுக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியும். நெல்லுல கிராஸி ஸ்டன்ட்னு ஒரு வைரஸ் நோய் வந்தப்ப பிலிப்பைன்ஸ்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துல 6000க்கு மேல சாம்பிள தேடிப் பாத்தாங்க. எதிர்ப்பு சக்தி கிடைச்சது நம்ம உத்தரப்பிரதேசத்துல சேகரிச்ச ஒரே ஒரு காட்டு நெல் சாம்பிள்ல, அதுலயும் எல்லா செடியிலயும் இல்ல, சிலதுல மட்டும். 1976ல வந்த ஐஆர் 36 அதை வச்சுத்தான் அந்த நோயை தாங்குச்சு. அந்த சாம்பிள சேகரிச்சவரு கண்ணுக்கு அழகா இருந்த செடிய மட்டும் எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால நூறு செடிக்கு குறையாம, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து கலந்து வைங்க. மக்காச்சோளம், கம்பு, பூசணி எல்லாம் காத்துலயும் தேனீயாலயும் கலக்குற பயிரு, அதுக்கு நெல்லு மாதிரி 3 மீட்டர் பத்தவே பத்தாது.

சேமிக்கிறப்ப ஈரத்தோட பிளாஸ்டிக் பையில கட்டி வைக்காதீங்க. ஈரப்பதம் 1 சதவீதம் குறைஞ்சாலே விதை ஆயுசு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்னு ஒரு கணக்கு இருக்கு. நல்லா காயவச்சு வைங்க, விதைக்கிறதுக்கு முன்னாடி ஈரத்துணியில நூறு விதை போட்டு எத்தனை முளைக்குதுன்னு எண்ணிப் பாருங்க.

மாட்டுக்கு வருவோம். ஊருக்கு ஒரு நல்ல காளை இருந்தா போதும்னு நினைக்கிறோம்ல, கணக்கு போட்டா பகீர்னு இருக்கும். 50 பசு, 1 காளைன்னா மரபு கணக்குல அது 51 மாடு இல்ல, வெறும் 4 மாட்டுக்குத்தான் சமம், ஏன்னா எல்லா கன்னுக்கும் அப்பன் அந்த ஒரே காளைதான். 5 காளை வச்சாதான் 18 ஆகும். ஒரே காளைய வருஷக்கணக்கா விட்டு அதோட மகளுக்கே அது சேர்றப்பதான் கன்னு நோஞ்சானா பொறக்குது, சினை நிக்க மாட்டேங்குது. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா வேற ஊரோட காளைய மாத்திக்கோங்க, சொந்தமில்லாத காளையா பாத்து.

வேற ஊரு காளைன்னா அதே இனத்துல. "நாட்டு மாடுதானே"ன்னு காங்கயம் பசுவுக்கு கிர் காளையோட சினை ஊசி போடுறவங்க இருக்காங்க. கிர் நல்ல மாடுதான், ஆனா அது குஜராத்து மாடு, பொறக்குற கன்னு காங்கயமும் இல்ல கிரும் இல்ல. பால் கூட வருதுன்னு இப்படியே போட்டா ஜெர்சி கலப்பால நாட்டு இனம் போனது மாதிரியேதான் இதுவும் போகும். நிறத்தை மட்டும் பாத்து கன்னை கழிக்கிறதும் வேண்டாம். காங்கயம் கன்னு செவப்பாத்தான் பொறக்கும், ஆறு மாசம் போல ஆனாத்தான் சாம்பலுக்கு மாறும். உம்பளச்சேரி மாட்டுக் கன்னும் அப்படித்தான். இது தெரியாம கலப்புன்னு வித்துட்டாரு ஒருத்தரு.

அப்புறம் மேய்ச்சல். காங்கயம்னா கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு: கிளுவை முள்ளு வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல், நிழலுக்கு வெள்வேல மரம். அந்த நிலத்தை பிளாட் போட்டுட்டு மாட்டை மட்டும் கொட்டாயில கட்டி தீவனம் போட்டு காப்பாத்துறேன்னா எத்தனை தலைமுறைக்கு அந்த திடம் நிக்கும்? பர்கூர் மாடு மலை ஏறி மேஞ்ச மாடு, அதுக்கும் இதேதான்.

கடைசியா, ரகத்தை ஒரே வீட்ல பூட்டி வைக்கிறது. 174 ரகம் மீட்ட நெல் ஜெயராமன் ஐயா 2 கிலோ விதை குடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்குனாரு, அப்படித்தான் ஒவ்வொரு ரகமும் பல ஊருக்குப் போச்சு. எங்க பூங்கார் கலந்துபோன வருஷம் நாங்க விதைக்கு எங்கயும் அலையல, முந்தின வருஷமே அம்மா எங்க சித்தி வீட்டுக்கு ரெண்டு மரக்கா குடுத்திருந்தாங்க, அங்க போயி வாங்கிட்டு வந்தோம்.