ஒரே மடிக்கணினியில் வின்டோஸும் லினக்ஸும்: முதன்முறை நிறுவுவோருக்கான செய்முறை

வன்னியில் பல வீடுகளில் கணினி ஒன்றுதான் இருக்கும். உயர்தரம் படிக்கும் பிள்ளையின் கடந்தகால வினாத்தாள்களும், அம்மா பொருளாளராக இருக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குகளும், குடும்பப் படங்களும் அதற்குள்ளேயே இருக்கும். ஆகவே இரண்டாவது இயங்குதளத்தை நிறுவுபவர், ஏற்கனவே உள்ளவை பழுதாகாமல் இருப்பதையே முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

வின்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்புத் திருத்தங்களை, மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. பழைய மடிக்கணினிகள் பலவற்றை வின்டோஸ் 11 ஏற்பதில்லை. அத்தகைய கணினியில் வின்டோஸை வைத்துக்கொண்டே இணையப் பாவனையை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றுவது நல்ல வழி. வேர்ச்சுவல் பொக்ஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை இயக்கவும் முடியும். ஆனால் 4 கிகாபைட் றாம் மட்டுமே உள்ள கணினியில் இரண்டும் அதைப் பங்குபோட்டுத் திணறும். இரண்டையும் அருகருகே நிறுவி, கணினியைப் போடும்போது ஒன்றைத் தெரிவுசெய்தால், தெரிவானதற்கு முழு றாமும் கிடைக்கும். அந்த முறையையே இங்கு விளக்குகிறேன்.

தரவிறக்கம்

தொடங்குவோருக்கு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் பொருத்தமானது. பழைய கணினிக்கு அதன் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பு இலகுவாக இயங்கும். கோப்பு ஏறத்தாழ 3 கிகாபைட் இருக்கும். ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாகவோ சிக்னல் விட்டுவிட்டு வரும் வேறு கிராமமொன்றிலோ இருப்பவர்கள் டொரன்ட் இணைப்பைப் பயன்படுத்துவது நல்லது. இணைப்பு அறுந்தாலும் அது விட்ட இடத்திலிருந்து தொடரும். வந்துசேர்ந்த ஒவ்வொரு துண்டும் சரியானதா என்பதையும் தானே சோதித்துக்கொள்ளும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள நண்பரிடமிருந்து கோப்பைப் பிரதிசெய்துவந்தால், ரூபஸ் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து, அது கணித்துக் காட்டும் 64 எழுத்து நீளமான சரிபார்ப்புக் குறியை மின்ட் தளத்தில் உள்ளதுடன் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் அந்தக் கோப்பைப் பயன்படுத்த வேண்டாம்.

அதே ரூபஸைக் கொண்டு கோப்பை 8 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் எழுதுங்கள். அதில் முன்பு இருந்த யாவும் அழிந்துவிடும்.

வின்டோஸில் செய்ய வேண்டியவை

அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி இதுவே. முதலில் முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டிலோ பென் டிரைவிலோ பிரதிசெய்து, அந்தப் பிரதிகள் திறக்கின்றனவா என்று இன்னொரு கணினியில் பாருங்கள். அடுத்து, வன்தட்டு வின்டோஸின் குறியாக்க வசதியான பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று அமைப்புகளில் பார்த்து, பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியைத் தாளில் எழுதிவைத்த பின்னர் பூட்டை நீக்குங்கள். கொன்ட்ரோல் பெனலின் மின்சக்திப் பகுதியில் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற தெரிவையும் நிறுத்திவிடுங்கள். அது இயங்கினால் வின்டோஸ் முழுமையாக அணையாது. அரை உறக்கத்தில் விடப்பட்ட வின்டோஸின் வன்தட்டுப் பிரிவில் லினக்ஸால் எதையும் எழுத முடியாமற் போகும்.

இனி டிஸ்க் மனேஜ்மென்ட்டைத் திறந்து, சீ டிரைவின் மீது வலச்சொடுக்குச் செய்து, ஷ்ரிங்க் வொல்யூம் என்பதைத் தெரிவுசெய்து, குறைந்தது 40 கிகாபைட் இடத்தை ஒதுக்குங்கள். ஒதுக்கிய இடத்துக்குப் பெயரோ வடிவமோ கொடுக்காமல் வெறுமையாகவே விடுங்கள்.

வன்தட்டின் பிரிவுகள் மாற்றி எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் இரு இயங்குதளங்களையும் இழக்க நேரலாம். மாரிகாலத்தில் காற்றுக்கும் மழைக்கும் மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில், யூ.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மடிக்கணினியாக இருந்தாலும் சார்ஜரைக் கழற்றி, பற்றரி அரை மணித்தியாலமாவது தாங்குகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

நிறுவுதல்

பென் டிரைவைச் செருகிக் கணினியை மீளத் தொடங்கி, எப்12 அல்லது அந்த நிறுவனம் வைத்திருக்கும் வேறு விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் தோன்றும். பென் டிரைவைத் தெரிவுசெய்தால் லினக்ஸ் எதையும் நிறுவாமலேயே இயங்கத் தொடங்கும். இந்த நிலையில் வைபை, ஒலி, விசைப்பலகை, டச்பேட் யாவும் வேலைசெய்கின்றனவா என்று சோதியுங்கள். வைபை வேலைசெய்யாவிட்டால், அதற்குத் தீர்வு கிடைக்கும்வரை நிறுவாமல் விடுவதே நல்லது.

எல்லாம் சரியென்றால் முகப்பில் உள்ள நிறுவற் குறியைத் திறந்து, மொழியைத் தெரிவுசெய்து, நேரவலயத்துக்குக் கொழும்பைக் குறியுங்கள். நிறுவும் வகையைக் கேட்கும் திரையில் வின்டோஸுடன் சேர்த்து நிறுவும் தெரிவையே எடுக்க வேண்டும். வன்தட்டை அழித்து நிறுவும் தெரிவும் அதே திரையில் இருக்கும். அதை எடுத்தால் வின்டோஸும் கோப்புகளும் போய்விடும். சேர்த்து நிறுவும் தெரிவு தோன்றாவிட்டால் நிறுவலைக் கைவிட்டு வெளியேறி, அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

நிறுவிய பின்னர்

இனிக் கணினியைப் போடும்போது இரு இயங்குதளங்களின் பெயர்களும் ஒரு பட்டியலில் தோன்றும். சில விநாடிகளில் ஒன்றும் தெரிவுசெய்யாவிட்டால் லினக்ஸ் தொடங்கிவிடும். ஆகவே வின்டோஸ் வேண்டுமென்றால் கீழ்நோக்கிய அம்புவிசையால் அதைத் தெரிவுசெய்து என்டர் அழுத்த வேண்டும் என்று வீட்டில் மற்றவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள்.

வின்டோஸில் நேரம் 5 மணி 30 நிமிடம் பிந்திக் காட்டினால் கணினி பழுதென்று எண்ண வேண்டாம். லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தில் உலகப் பொதுநேரத்தை எழுதும். வின்டோஸோ அதை உள்ளூர் நேரமென்று வாசிக்கும். இணையத்துடன் இணைந்து, வின்டோஸின் நேர அமைப்பில் உள்ள சிங்க் நௌ பொத்தானை அழுத்தினால் சரியாகும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கடிதங்களும் கூட்டறிக்கைகளும் லினக்ஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். வின்டோஸின் பொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினிக் கோப்பைப் பிரதிசெய்துவந்து, லினக்ஸில் இருமுறை சொடுக்கி நிறுவினால் அவை முன்போலவே தெரியும். புதிதாகத் தமிழில் எழுதுவதற்கு, விசைப்பலகை அமைப்பில் இலங்கைக்குரிய தமிழ் அமைப்பைச் சேர்த்து, ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறுவதற்கான விசைச் சேர்க்கையையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.